மோதலுக்குப் பின் இழப்பீடு: சொந்தக் காப்பீடா, எதிர்த் தரப்புக் காப்பீடா, நேரடிச் சமரசமா?

இரண்டு கார்கள் மோதிக்கொண்டவுடன் இரு தரப்பிலும் எழுகிற முதல் கேள்வி, தவறு யாருடையது என்பதுதான். ஆனால் பழுதுச் செலவுக்கான பணம் எங்கிருந்து வரும் என்பது அந்தக் கேள்வியின் விடையை மட்டும் நம்பியிருப்பதில்லை. தவறு என்பது கவனக்குறைவு பற்றிய சட்டத்தின்படி முடிவாகிறது. காப்பீடு என்பது வண்டிக்காரரும் நிறுவனமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி முடிவாகிறது. முழுத் தவறும் எதிரில் வந்தவருடையதாக இருந்தும் மாதக்கணக்கில் பணம் கிடைக்காமல் காத்திருப்பவர் உண்டு. முழுத் தவறும் தன்னுடையதாக இருந்தும், முழுமைக் காப்பீடு வைத்திருந்த காரணத்தால், வண்டியைச் சீராக்கி விரைவில் திரும்பப் பெறுகிறவரும் உண்டு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் எடுக்கப்படும் முடிவுகள்தான் பெரும்பாலும் பணத்தை இழக்கச் செய்கின்றன.

மோதலுக்குப் பிறகு வண்டிக்காரர் முன் இருக்கும் வழிகள் மூன்று: தம்முடைய காப்பீட்டு நிறுவனத்திடமே சொந்தச் சேதத்துக்குக் கோருவது, எதிர்த் தரப்பின் மூன்றாம் நபர் காப்பீட்டிலிருந்து (பிறருக்கு விளைவித்த சேதத்துக்கு ஈடு தரும் பகுதியிலிருந்து) கோருவது, காப்பீட்டைத் தொடாமல் இருவரும் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்வது. சொந்தச் சேதத்துக்கும் சேர்த்துக் காப்பீடு எடுத்தவர்களில் பெரும்பாலானோருக்கு முதல் வழியில் தொடங்கி, அதில் கிடைக்காமல் விடுபடும் இழப்பை மட்டும் இரண்டாவது வழியில் கேட்பதே இலாபம் என்பது என் கருத்து. மூன்றாவது வழிக்கு இடமுண்டு என்றாலும் அது மக்கள் நினைப்பதைவிட மிகக் குறுகலான இடம். இந்த முடிவுக்கு வருவதற்கான காரணங்களைப் புரிந்துகொள்ள, தவறு எப்படி நிர்ணயிக்கப்படுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

தவற்றை நிர்ணயிப்பவர் யார்?

காவல்துறை அறிக்கையே இறுதித் தீர்ப்பு என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அந்த அறிக்கை வலுவான சான்றுதான். இருந்தாலும் அது காப்பீட்டு நிறுவனத்தையோ இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் நீதிமன்றத்தையோ கட்டுப்படுத்துவதில்லை. ஓர் ஓட்டுநருக்கு அபராதம் விதிக்கப்பட்டது என்பதனாலேயே இழப்பீட்டுப் பொறுப்பு முழுவதும் அவர்மீது விழுந்துவிடாது. அபராதம் விதிக்கப்படவில்லை என்பதனால் பொறுப்பு நீங்கிவிடுவதும் இல்லை. நடைமுறையில், பெரும்பான்மையான மோதல்களில் தவற்றின் அளவை முதலில் முடிவு செய்பவர்கள் இரு தரப்புக் காப்பீட்டு நிறுவனங்களின் அலுவலர்களே. அவர்கள் ஒத்துப்போகாதபோதுதான் நடுவரோ தீர்ப்பாயமோ நீதிமன்றமோ தேவைப்படுகிறது.

அந்த அலுவலர்கள் எதைப் பார்க்கிறார்கள்? முதலில் சாலை விதியை. பின்னாலிருந்து இடித்தவர் போதிய இடைவெளி விடவில்லை என்ற ஊகத்துடனேயே பின்புற மோதலின் விசாரணை தொடங்குகிறது. முன்னால் நின்ற வண்டி திடீரெனப் பின்னோக்கி வந்தது, பக்கத்துத் தடத்திலிருந்து இடைவெளியின்றி உள்ளே நுழைந்தது, அதன் பிரேக் விளக்குகள் எரியவில்லை என்று காட்ட முடிந்தால் அந்த ஊகம் தளரும். எதிர்வரும் வண்டியின் பாதையைக் குறுக்கிட்டுத் திரும்புகிறவர்மீதும், தடம் மாறுகிறவர்மீதும், நிறுத்துமிடத்திலிருந்து சாலைக்குள் நுழைகிறவர்மீதும் இதே போன்ற முதல் ஊகம் விழும். இரண்டு வண்டிகளும் ஒரே நேரத்தில் பின்னோக்கி வந்து முட்டிக்கொண்டால் பாதிக்குப் பாதி என்று முடிப்பதே வழக்கம். மூன்று, நான்கு வண்டிகள் அடுத்தடுத்து மோதியிருந்தால் எத்தனை இடி உணரப்பட்டது என்பது முக்கியமாகிறது. நடுவிலிருந்த வண்டிக்காரர் ஒரே ஓர் இடியை உணர்ந்து, அதன் பிறகே முன்வண்டியில் மோதினார் என்றால் அவர் பின்னாலிருந்து தள்ளப்பட்டார் என்று கொள்ளலாம். முன்வண்டியில் இருந்தவர் இரண்டு இடிகளை உணர்ந்திருந்தால், நடுவில் இருந்தவர் முதலில் தாமே மோதினார், பிறகுதான் தள்ளப்பட்டார் என்ற ஐயம் எழும். ஒரே இடியைத்தான் உணர்ந்தேன் என்ற முன்வண்டிக்காரரின் சாட்சியத்தை உடனே எழுதி வாங்காத நடுவண்டிக்காரர்களே தொடர் மோதல்களில் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள்.

விதிக்கு அடுத்தபடியாக இயற்பியல் சான்று வருகிறது. நசுங்கிய இடம், கீறலின் திசை, கண்ணாடித் துகள் சிதறிய இடம், சக்கரத் தடம், வண்டிகளை நகர்த்துவதற்கு முன் எடுத்த படங்கள் ஆகியவற்றோடு இப்போது டேஷ் கேமராவும் வண்டிக்குள்ளேயே இருக்கும் நிகழ்வுப் பதிவுக் கருவியும் சேர்ந்துள்ளன. காற்றுப்பை விரிவது போன்ற நிகழ்வின்போது அதற்கு முந்தைய சில விநாடிகளின் வேகம், பிரேக் அழுத்தப்பட்டதா, பெல்ட் போடப்பட்டிருந்ததா என்பவற்றை அந்தக் கருவி சேமித்து வைக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய கார் மாதிரிகளுக்கு 2022 ஜூலையிலும், புதிதாகப் பதிவாகும் எல்லாக் கார்களுக்கும் 2024 ஜூலையிலும் இது கட்டாயமாயிற்று. வழக்குக்குப் போகக்கூடிய பெரிய மோதலாக இருந்தால், வண்டியைப் பழுதுக்கு விடுவதற்கு முன்போ கழிவாக விற்பதற்கு முன்போ இந்தப் பதிவை எடுத்துவைக்கச் சொல்லிக் கேட்பது நல்லது. பட்டறையில் பாகம் மாற்றப்பட்ட பின் அது கிடைப்பது அரிது.

எல்லா ஊரிலும் தவறு இப்படிச் சூழ்நிலையை அலசியே முடிவு செய்யப்படுகிறது என்றும் சொல்ல முடியாது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் தவறு நிர்ணய விதிகள் என்ற ஒழுங்குமுறையே இருக்கிறது. ஒவ்வொரு வகை மோதலுக்கும் படம் போட்டு, எந்த வண்டிக்கு எத்தனை விழுக்காடு என்று அதில் எழுதப்பட்டுள்ளது. வானிலை, சாலையின் நிலை, பார்வைத் தெளிவு, நடந்து சென்றவரின் செயல் எதையும் காப்பீட்டு நிறுவனம் அப்போது கணக்கில் கொள்ளக்கூடாது. மழை பெய்தது, சாலை வழுக்கியது என்ற வாதம் அங்கே எடுபடாது. இந்த முறை தனிமனிதர்களுக்குச் சில நேரங்களில் அநீதியாகத் தோன்றலாம். ஆனால் வாரக்கணக்கான கடிதப் போக்குவரத்தை மிச்சப்படுத்துகிறது என்பதை மறுக்க முடியாது. பிரான்சில் காப்பீட்டு நிறுவனங்களே தங்களுக்குள் ஓர் அட்டவணையை ஒப்புக்கொண்டு, அதன்படி தத்தம் வாடிக்கையாளருக்குப் பணம் கொடுத்துவிட்டுப் பின்னர் கணக்கைத் தீர்த்துக்கொள்கின்றன. அங்கே இரு ஓட்டுநர்களும் சாலையிலேயே நிரப்பிக் கையெழுத்திடும் கூட்டு அறிக்கைப் படிவத்துக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அதில் தவறான கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்திட்டவர் பிறகு தம் பேச்சை மாற்றிக்கொள்வது கடினம்.

பகிரப்படும் தவறும் பெருக்கல் கணக்கும்

தவறு முழுவதும் ஒருவருடையது என்ற நிலை நினைப்பதைவிடக் குறைவு. ஒருவர் குறுக்கே திரும்பியிருப்பார். மற்றவர் வேக வரம்பை மீறி வந்திருப்பார். அப்போது எழுபதுக்கு முப்பது, எண்பதுக்கு இருபது என்று பங்கு பிரிக்கப்படும். அந்தப் பங்கின் விளைவு, வழக்கு எந்த எல்லைக்குள் நடக்கிறது என்பதைப் பொறுத்துத் தலைகீழாக மாறக்கூடியது.

1809ஆம் ஆண்டின் பட்டர்ஃபீல்டு எதிர் ஃபாரஸ்டர் என்ற ஆங்கிலேய வழக்கிலிருந்து வளர்ந்த பழைய பொதுச்சட்டக் கோட்பாடு, பாதிக்கப்பட்டவரிடமும் கவனக்குறைவு இருந்தால் அவருக்கு எதுவுமே இல்லை என்றது. இங்கிலாந்து 1945ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அதைக் கைவிட்டு, பங்குக்கு ஏற்ப இழப்பீட்டைக் குறைக்கும் முறைக்கு மாறியது. அமெரிக்காவில் அலபாமா, மேரிலாந்து, வட கரோலினா, வர்ஜீனியா ஆகிய மாநிலங்களில் பழைய கோட்பாடு இன்னும் உயிரோடு இருக்கிறது. கலிஃபோர்னியா 1975இல் அதைத் தூக்கி எறிந்து, தொண்ணூறு விழுக்காடு தவறு செய்தவருக்கும் மீதிப் பத்து விழுக்காடு உண்டு என்ற முறையை ஏற்றது. பெரும்பாலான மாநிலங்கள் இடையில் நிற்கின்றன: தவறு ஒரு வரம்புக்குக் கீழே இருந்தால் குறைத்துக் கொடுப்பார்கள், வரம்பைத் தொட்டாலோ தாண்டினாலோ ஒன்றுமில்லை. ஜார்ஜியாவில் 50 விழுக்காடு ஆனாலே கதவு அடைபடும். டெக்சாஸில் 50 வரை கேட்கலாம், 51 என்றால் அடைபடும். இந்த ஒரு புள்ளி வித்தியாசத்துக்காகத்தான் வழக்கறிஞர்கள் மணிக்கணக்கில் வாதிடுகிறார்கள்.

மோதலுக்குக் காரணமான தவறும் காயத்துக்குக் காரணமான தவறும் வேறு வேறு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மோதலில் தம் பக்கம் எள்ளளவும் பிழையில்லாத ஒருவர் பெல்ட் அணியாமல் இருந்தால் அவருடைய காய இழப்பீடு குறையலாம். ஃப்ரூம் எதிர் புட்சர் என்ற ஆங்கிலேய வழக்கில், பெல்ட் போட்டிருந்தால் காயமே நேர்ந்திருக்காது என்றால் 25 விழுக்காடும், காயம் கணிசமாகக் குறைந்திருக்கும் என்றால் 15 விழுக்காடும் கழிக்கலாம் என்று அளவுகோல் வகுக்கப்பட்டது. வண்டிச் சேதத்துக்கான கோரிக்கையை இது தொடாது.

இனி ஒரு கணக்கு. பழுதுச் செலவு 100 என்று வைத்துக்கொள்வோம். வண்டி பட்டறையில் இருந்த நாட்களுக்கு வேறு வண்டி அமர்த்திய செலவு 20. ஆக மொத்த இழப்பு 120. சொந்தப் பாலிசியில் உரிமையாளரே ஏற்க வேண்டிய கழிவுத் தொகை 20; மாற்று வண்டிச் செலவுக்கு அந்தப் பாலிசியில் இடமில்லை. தவறு எதிர்த் தரப்பில் 70 விழுக்காடு, நம்மிடம் 30 விழுக்காடு. பங்குக்கேற்ப இழப்பீடு தரும் சட்டத்தின் கீழ் எதிர்த் தரப்புக் காப்பீட்டை மட்டும் நம்பினால் 120இல் 70 விழுக்காடாகிய 84 வரும். சொந்த நிறுவனத்திடம் முதலில் கோரினால், அது நம் தவற்றைப் பார்க்காமல் 80 கொடுத்துவிடும். பாலிசி தராமல் விட்ட 40இல் 70 விழுக்காடாகிய 28ஐ எதிர்த் தரப்பிடம் கேட்கலாம். கையில் சேருவது 108. நம் நிறுவனம் தான் கொடுத்த 80இல் 70 விழுக்காடாகிய 56ஐ எதிர்த் தரப்பிடம் தானே வசூலித்துக்கொள்ளும். எதிர்த் தரப்பு இரண்டு கணக்கிலும் கொடுப்பது அதே 84தான். வித்தியாசமாகிய 24ஐத் தாங்குவது நம்முடைய காப்பீட்டு நிறுவனம். அதற்காகத்தானே அதற்குப் பிரீமியம் கட்டியிருக்கிறோம்! இதே மோதல் மேரிலாந்தில் நடந்திருந்தால் எதிர்த் தரப்பிடமிருந்து வருவது பூச்சியம், சொந்தப் பாலிசியிலிருந்து வருவது அதே 80.

சொந்தக் காப்பீட்டில் கோருவதன் விலை

மேலே உள்ள கணக்கில் ஒன்று விடுபட்டிருக்கிறது. சொந்தப் பாலிசியில் கோரியதற்காக அடுத்த ஆண்டுகளின் பிரீமியத்தில் கொடுக்க நேரும் விலைதான் அது. இது நாட்டுக்கு நாடு வேறுபடும். இந்தியாவின் முறையை எடுத்துக்கொண்டால் தெளிவாகக் கணக்கிட முடியும். அங்கே கோரிக்கை இல்லாத ஒவ்வோர் ஆண்டுக்கும் நோ கிளைம் போனஸ் என்ற பிரீமியத் தள்ளுபடி 20, 25, 35, 45, 50 விழுக்காடு என்று படிப்படியாக ஏறுகிறது. சொந்தச் சேதத்துக்கு ஒருமுறை கோரினால், தவறு யாருடையதாக இருந்தாலும், அடுத்த புதுப்பிப்பில் அது பூச்சியமாகிவிடும். 50 விழுக்காட்டில் இருந்தவர் முதல் ஆண்டில் 50, அடுத்த ஆண்டுகளில் 30, 25, 15, 5 என இழந்து மீண்டும் பழைய இடத்துக்கு ஏறுகிறார். கூட்டினால் 125. அதாவது போனஸ் கழிக்கப்படாத ஓர் ஆண்டின் சொந்தச் சேதப் பிரீமியத்தைப் போல ஒன்றேகால் மடங்கு. இந்தத் தொகையையும் கட்டாயக் கழிவையும் பாகங்களுக்கான தேய்மானத்தையும் கூட்டினால் எவ்வளவு வருமோ, அதற்குக் குறைவான பழுதுக்குச் சொந்தப் பாலிசியைத் தொடுவது நட்டம். போனஸ் காப்பு என்ற கூடுதல் சேர்க்கை வாங்கியிருந்தால் கணக்கு மாறும். மலேசியாவில் நிலைமை வேறு: தவறு தம்மீது இல்லாத வண்டிக்காரர் சொந்த நிறுவனத்திடமே கோரிக்கை வைத்துத் தம் தள்ளுபடியையும் காப்பாற்றிக்கொள்ளும் தனி வழி அங்கே இருக்கிறது. பிரிட்டனில், நிறுவனம் தான் கொடுத்த முழுத் தொகையையும் எதிர்த் தரப்பிடமிருந்து மீட்டுவிட்டால் தள்ளுபடி பொதுவாகப் பாதிக்கப்படுவதில்லை. மீட்பு முடியாமல் கோப்பு திறந்தே இருக்கும்போது புதுப்பிப்பு வந்துவிட்டால் கூடுதல் பிரீமியம் கட்ட நேரிடும்; பின்னர் திருத்தச் சொல்லிக் கேட்பது வாடிக்கையாளரின் வேலை.

சொந்தப் பாலிசி என்பது ஒப்பந்தம் ஆதலால் அதில் எழுதியிருப்பதே கிடைக்கும். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்கப்படலாம். வண்டியை ஓட்ட முடியாமல் இழந்த வருமானம், சந்தை மதிப்பில் ஏற்பட்ட வீழ்ச்சி போன்றவை பொதுவாக வராது. வண்டி முழுச் சேதம் என்று தீர்மானிக்கப்பட்டால், பாலிசியில் ஒப்புக்கொண்ட மதிப்போ மோதலுக்கு முன்பிருந்த சந்தை மதிப்போதான் அடிப்படை. புதிய காரின் விலை கிடைக்காது. இத்தனை குறைகள் இருந்தும் அதன் பெரிய நன்மை ஒன்று: தவறு பற்றிய சச்சரவு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நிறுவனம் பணத்தைக் கொடுத்துவிட்டு, வாடிக்கையாளரின் உரிமையைத் தான் எடுத்துக்கொண்டு எதிர்த் தரப்பைத் துரத்துகிறது. அந்தத் துரத்தலுக்கான ஆட்களும் வழக்கறிஞர்களும் அதனிடம் ஏற்கெனவே இருக்கிறார்கள்.

எதிர்த் தரப்புக் காப்பீட்டில் கோரும்போது

இங்கே அடிப்படை ஒப்பந்தம் கிடையாது. பொறுப்பு மட்டுமே உண்டு. எதிர்த் தரப்பின் நிறுவனத்துக்கு நாம் வாடிக்கையாளர் இல்லை. அது காக்க வேண்டியது தன் வாடிக்கையாளரை. நம்மிடம் இனிமையாகப் பேசும் அலுவலர் நமக்காக வேலை செய்யவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. தொலைபேசியில் பதிவு செய்யப்படும் வாக்குமூலம் கேட்டால், நம் நிறுவனத்தையோ வழக்கறிஞரையோ கேட்காமல் கொடுக்க வேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை. எழுத்தில், நடந்ததை மட்டும், ஊகம் எதுவும் கலக்காமல் தருவது பாதுகாப்பு.

இந்த வழியின் கவர்ச்சி புரிந்துகொள்ளக்கூடியதே. கழிவுத் தொகை பிடித்தமில்லை, போனஸ் குறையாது, மாற்று வண்டிச் செலவு, மருத்துவச் செலவு, இழந்த ஊதியம், சில இடங்களில் மதிப்பு வீழ்ச்சிகூடக் கேட்கலாம். மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே வைத்திருப்பவருக்கு வண்டிச் சேதத்தைப் பொறுத்தவரை இதைவிட்டால் வழியும் இல்லை. ஆனால் மூன்று தடைகள் நிற்கின்றன. முதலாவது, தவற்றை நிறுவும் சுமை நம்மீது. இரண்டாவது, பாலிசியின் வரம்பு: சொத்துச் சேதத்துக்கான மூன்றாம் நபர் பொறுப்பு பெரும்பாலும் குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்டது, ஒரே மோதலில் பல வண்டிகள் சேதமடைந்திருந்தால் அந்தத் தொகையைப் பலர் பகிர வேண்டியிருக்கும். மூன்றாவது, எதிர்த் தரப்பிடம் பாலிசியே இல்லாமலிருக்கலாம். பிரிட்டனில் இத்தகைய நிலைக்காகவே 1946 முதல் மோட்டார் காப்பீட்டாளர் அமைப்பு ஒன்று இயங்குகிறது. அமெரிக்காவில் காப்பீடற்ற ஓட்டுநருக்கு எதிரான பகுதியைச் சொந்தப் பாலிசியில் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. இப்படி எதுவும் இல்லாத இடத்தில், காப்பீடும் சொத்தும் இல்லாத ஒருவர்மீது வாங்கிய தீர்ப்பு வெறும் காகிதம்தான்.

எதிர்த் தரப்பு ஓட்டுநர் குடித்திருந்தார், உரிமம் இல்லாமல் ஓட்டினார் என்றால் அவருடைய நிறுவனம் கைவிரித்துவிடுமா என்ற அச்சம் பலருக்கு உண்டு. இங்கும் தவறும் காப்பீடும் தனித்தனிப் பாதையில் போகின்றன. அந்த ஓட்டுநரின் சொந்தச் சேதக் கோரிக்கையை நிறுவனம் மறுக்கலாம். பாதிக்கப்பட்ட மூன்றாம் நபரிடம் அதே காரணத்தைச் சொல்லிப் பல நாடுகளில் தப்ப முடியாது. உரிமம் சம்பந்தமான மறுப்புகளைப் பற்றி இந்திய உச்ச நீதிமன்றம் 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில் விரிவாக ஆராய்ந்தது. பாதிக்கப்பட்டவருக்கு நிறுவனம் முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்ற வழிமுறைக்கு அந்தத் தீர்ப்பு அழுத்தம் தந்தது.

தவற்றையே பார்க்காத அமைப்புகள்

சில இடங்களில் இந்தத் தேர்வே பெருமளவு கையை விட்டுப் போயிருக்கும். நியூசிலாந்தில் 1974 ஏப்ரலிலிருந்து விபத்துக் காயங்களுக்கு, யார் தவறு என்று கேளாமல், அரசு அமைப்பு ஒன்றே ஈடு தருகிறது. அதற்கு மாற்றாகக் காயத்துக்காக வழக்குப் போடும் உரிமை பெரும்பாலும் நீக்கப்பட்டுள்ளது. வண்டிச் சேதம் மட்டும் பழைய முறைப்படி, தவற்றின் அடிப்படையிலேயே தீர்க்கப்படுகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் காயத்துக்கும் வண்டிச் சேதத்துக்கும் முதன்மையாக அவரவர் நிறுவனத்தையே நாட வேண்டும். சொந்தப் பாலிசியில் அடங்காத வண்டிச் சேதத்துக்குச் சிறிய வரம்புக்குள் மட்டுமே தவறு செய்த ஓட்டுநரைக் கேட்கலாம். இத்தகைய இடத்தில் சொந்தச் சேதப் பகுதியை மலிவுக்காக விட்டுவிடுவது மற்ற ஊர்களைவிட ஆபத்தானது. தாம் இருக்குமிடம் காயத்துக்கு எந்த முறையையும் வண்டிச் சேதத்துக்கு எந்த முறையையும் பின்பற்றுகிறது என்பதைத் தனித்தனியாகக் கேட்டறிய வேண்டும். ஒன்றுக்கு உள்ள விடை மற்றதற்குப் பொருந்தாது.

சாலையோரச் சமரசம்

பேசித் தீர்த்துக்கொள்வதன் வேகத்துக்கு மற்ற இரண்டும் ஈடாகாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சேதம் கழிவுத் தொகைக்குக் கீழே இருக்கிறது, யாருக்கும் காயமில்லை, தவறு எவருடையது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடில்லை, பணம் அங்கேயே கைமாறுகிறது என்றால் அது முறையான தேர்வே. இவற்றில் ஒன்று தவறினாலும் அது தேர்வாக இருக்கும் தகுதியை இழக்கிறது.

காரணம், இன்றைய கார்களின் சேதம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பம்பரின் மேல் சிறு கீறல் மட்டும் தெரியலாம்; அதன் பின்னே இருக்கும் ரேடார், நிறுத்துவதற்கு உதவும் உணரிகள், அவற்றைத் தாங்கும் கட்டமைப்பு ஆகியவை இடம் பெயர்ந்திருக்கலாம். உணரியை மாற்றுவதோடு அதை மறுபடி அளவீடு செய்யும் வேலையும் சேர்ந்தால், சாலையில் ஒப்புக்கொண்ட தொகை பட்டறையில் கேட்கப்படும் தொகையின் சிறு பகுதியாகிவிடும். உடலும் அப்படித்தான்: கழுத்துத் தசைப் பிடிப்பு மறுநாள் காலையில்தான் தெரிய வரும். பணத்தை வாங்கிக்கொண்டு "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிக் கொடுத்திருந்தால், பின்னால் தெரிந்த சேதத்துக்கும் காயத்துக்கும் அந்த வரியே தடையாக நிற்கும்.

பணம் கொடுக்கும் பக்கத்திலும் ஆபத்து உண்டு. நிறுவனத்தின் ஒப்புதல் இல்லாமல் பொறுப்பை ஏற்கவோ சமரசம் செய்யவோ கூடாது என்ற நிபந்தனை பெரும்பாலான பாலிசிகளில் இருக்கிறது. ஒருவர் தாமாகப் பணம் கொடுத்து முடித்த பிறகு எதிர்த் தரப்பு வழக்குப் போட்டால், நிறுவனம் அந்த நிபந்தனையைச் சுட்டிக்காட்டக்கூடும். கோரிக்கை வைக்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் மோதலைத் தெரிவித்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனையும் பரவலானது. சிங்கப்பூரில் எவ்வளவு சிறிய மோதலானாலும் 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் தம் நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். தவறினால் போனஸ் குறையலாம், கோரிக்கையே மறுக்கப்படவும் கூடும். தகவலுக்காக மட்டும் அறிவிப்பதும் கோரிக்கை வைப்பதும் வெவ்வேறு என்பதால், "பதிவுக்காகத் தெரிவிக்கிறேன், இழப்பீடு கோரவில்லை" என்று எழுத்தில் குறிப்பிட்டு அனுப்புவது இரண்டு பக்கத்தையும் காக்கும்.

மன்னிப்புக் கேட்பது தவற்றை ஒப்புக்கொள்வதாகுமா என்று அடிக்கடி கேட்கப்படுகிறது. கனடாவின் பல மாகாணங்களில், மன்னிப்பைப் பொறுப்புக்கான சான்றாகப் பயன்படுத்தக்கூடாது என்று தனிச் சட்டமே இருக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் சட்டம் 2006ஆம் ஆண்டுக்குரியது. கலிஃபோர்னியாவில் அனுதாபச் சொற்களுக்குப் பாதுகாப்பு உண்டு. அதோடு சேர்த்துச் சொன்ன "நான்தான் பார்க்கவில்லை" என்ற ஒப்புதலுக்கு இல்லை. அடிபட்டவரிடம் "வலிக்கிறதா, உதவி அழைக்கட்டுமா" என்று கேட்பதை எந்தச் சட்டமும் யாருக்கும் எதிராகத் திருப்பாது. அந்த நேரத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பதுதான் சாமர்த்தியம் என்று சிலர் அறிவுரை சொல்வதை நான் ஏற்கவில்லை.

எந்த நிலையில் எது

பின்னாலிருந்து இடிபட்டு, எதிர்த் தரப்பும் அதை எழுத்தில் ஒப்புக்கொண்டு, அவருடைய பாலிசி நடப்பில் இருப்பதும் உறுதியானால், போனஸ் உச்சத்தில் இருப்பவர் எதிர்த் தரப்புக் காப்பீட்டை நேராக நாடலாம். காத்திருக்கும் காலத்துக்கு ஓர் எல்லை வைத்துக்கொண்டு, அதற்குள் பதில் வராவிட்டால் சொந்தப் பாலிசிக்குத் திரும்பலாம். அந்தத் திரும்புதலுக்கு வாய்ப்பு இருக்க வேண்டுமானால் முதல் நாளிலேயே சொந்த நிறுவனத்துக்குத் தகவல் போயிருக்க வேண்டும். சேதத்தை மதிப்பிடும் அவர்களுடைய சர்வேயர் பார்ப்பதற்கு முன் வண்டியைப் பிரித்திருக்கவும் கூடாது.

தவறு பகிரப்பட்டிருக்கலாம் என்ற ஐயம் சிறிதளவு இருந்தாலும், முன்பு போட்ட கணக்கு சொல்வதுபோல் சொந்தப் பாலிசியே முதலிடம். தவறு முழுவதும் தம்முடையது என்றால் தம் வண்டிக்குச் சொந்தப் பாலிசி, எதிர் வண்டிக்குத் தம் பாலிசியின் மூன்றாம் நபர் பகுதி. இதில் தேர்வுக்கு ஒன்றுமில்லை, சேதம் கழிவைவிடவும் போனஸ் இழப்பைவிடவும் சிறிது என்றால் கைப்பணத்தில் முடிப்பதைத் தவிர. வண்டி வாடகைக்கோ பொருள் விநியோகத்துக்கோ ஓடிக்கொண்டிருந்தபோது மோதல் நடந்து, பாலிசி தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும் எடுக்கப்பட்டிருந்தால், சொந்தப் பாலிசி மறுக்கப்படுவதற்கான வாய்ப்பு அதிகம். அப்போது தவற்றை நிறுவி எதிர்த் தரப்பை நாடுவதே மீதமுள்ள பாதை. யாருக்கேனும் காயம் என்றால் வண்டிச் சேதத்தையும் காயத்தையும் இரண்டு தனிக் கோரிக்கைகளாக வைத்திருப்பது அவசியம். வண்டிக்கான காசோலையோடு வரும் ரசீதில் "எல்லாக் கோரிக்கைகளுக்கும் முழுத் தீர்வாக" என்ற சொற்கள் இருந்தால் அவற்றை "வண்டிச் சேதத்துக்கு மட்டும்" என்று திருத்தித் தரும்படி கேட்க வேண்டும்.

சொந்த நிறுவனத்திடம் பணம் வாங்கிய பிறகு, மீதியைக் கேட்பதற்காக எதிர்த் தரப்போடு பேசுகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இன்னொன்று உண்டு. கழிவுத் தொகையை மட்டும் கொடுத்துவிடுகிறேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற முழு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்று எதிர்த் தரப்பு சொல்லலாம். அப்படிக் கையெழுத்திட்டால், நம் நிறுவனம் நம் இடத்தில் நின்று எதிர்த் தரப்பிடம் வசூலிக்கும் உரிமையும் அதோடு போய்விடக்கூடும். அந்த இழப்பை நம் நிறுவனம் நம்மிடமே திருப்பிக் கேட்கும் உரிமையைப் பாலிசி அதற்குத் தந்திருக்கும். ஆகவே அந்தப் பத்திரத்தில் நிறுவனத்தின் மீட்பு உரிமை விலக்கி வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, வரைவை முதலில் தம் நிறுவனத்துக்கு அனுப்பி, எழுத்தில் ஒப்புதல் வாங்கிய பிறகே கையெழுத்திட வேண்டும்.